மாத்திரை போட்டால் அதே இடத்தில் மீண்டும் கருந்தழும்பு: கடைக்காரர் அறிய வேண்டியது



விற்பனை வரி, எடைக்கல் முத்திரை, உணவுக் கலப்படச் சட்டம் என்று எழுதிவரும் இப்பக்கத்தில் இம்முறை ஒரு தோல் உபாதையைப் பற்றி எழுதுகிறோம். கடைக்காரருக்கும் தோல் வியாதிக்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் கேட்கலாம். இரண்டு வகையில் சம்பந்தம் உண்டு. ஒன்று, நம்மில் பெரும்பாலோர் காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்கு எடுத்துவைப்பவர்கள். இடுப்புவலி, தலைவலி என்றால் மருத்துவரிடம் போக நேரமில்லாமல் கைக்கு எட்டிய மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு கல்லாவில் உட்காருகிறவர்கள். இரண்டு, அந்தக் கைக்கு எட்டிய மாத்திரை பல கடைகளில் ஷாம்பு பாக்கெட் சரத்துக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது.

நமக்கு நன்கு பழக்கமான அண்ணாச்சி ஒருவர். டவுனில் பலசரக்குக் கடை. பெயர் வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் ஆனித் தேரோட்டம் முடிந்த மறுநாள் அவருடைய கீழுதட்டின் ஓரத்தில் எரிச்சல் கண்டது. மாலைக்குள் சிவந்து தடித்து, மறுநாள் கொப்புளமாகி உடைந்தது. இடது மணிக்கட்டுக்கு மேலே பழைய எட்டணாக் காசு அளவில் வட்டமாக ஒரு தடிப்பும் வந்தது. பத்து நாளில் இரண்டும் ஆறிவிட்டன. ஆனால் ஆறிய இடம் மைக்கறை பட்டதுபோல் கறுத்து நின்றது. வெற்றிலைச் சுண்ணாம்பு சுட்டிருக்கும் என்றார் ஒருவர். வற்றல் மூட்டை பிரித்த கையை அப்படியே வாயில் வைத்திருப்பீர்கள் என்றார் இன்னொருவர். அண்ணாச்சியும் அதோடு விட்டுவிட்டார்.

தீபாவளி வியாபாரம் முடிந்த இரண்டாம் நாள் அதே உதட்டோரம், அதே மணிக்கட்டு. ஒரு நூல் அளவுகூட இடம் தப்பவில்லை. இம்முறை வீட்டில் அக்கி என்று தீர்மானித்து, வேளார் ஒருவரிடம் கூட்டிக்கொண்டுபோய்க் காவியில் அக்கி எழுதினார்கள். பத்து நாளில் ஆறியது. அக்கி எழுதியதால் ஆறியது என்று எல்லோரும் நம்பினார்கள். எழுதாவிட்டாலும் பத்து நாளில் ஆறியிருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது முறை பொங்கலுக்கு முந்தின வாரம் வந்தது. பழைய இரண்டு இடங்களோடு வலது காலில் புதிதாக ஒன்றும் சேர்ந்துகொண்டது. இதற்குள் அண்ணாச்சியின் வீட்டில் கண்ணேறு, செய்வினை என்கிற பேச்சு கிளம்பிவிட்டது. பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். உதட்டில் கறுப்புத் தழும்போடு சம்பந்தி வீட்டார் முன்னால் உட்கார அவருக்கு மனமில்லை. பாளையங்கோட்டையில் ஒரு தோல் மருத்துவரிடம் போனார். அந்த அம்மையார் தழும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இது வர்றதுக்கு முந்தின நாள் என்ன மருந்து சாப்பிட்டீங்க அண்ணாச்சி?"

"மருந்தா? நான் மருந்தே தொடுறதில்லையே டாக்டரம்மா."

"தலைவலி, உடம்புவலிக்குக்கூட ஒண்ணும் போடலியா?"

"அது மாத்திரைல்லா. கடையில தொங்குறதுதான். அதைப் போய் மருந்துன்னு சொல்ல முடியுமா?"

இந்தப் பதிலைத் தினமும் கேட்பதாக அம்மையார் சொன்னாராம். பிறகு, "வீட்டுக்குப் போய் யோசிச்சுத் தேதி எழுதிட்டு வாங்க" என்று அனுப்பியிருக்கிறார். அண்ணாச்சி யோசிக்கவில்லை. நேராகக் கடைக்கு வந்து சிட்டையைப் புரட்டினார். சொந்தக் கடையிலிருந்து ஒரு தீப்பெட்டி எடுத்தாலும் பற்று எழுதுகிற பழைய காலத்து மனிதர் அவர். தேரோட்டத்தன்று இரவு, தீபாவளிக்கு மறுநாள் இரவு, பொங்கலுக்கு முந்தின வாரத்தில் சரக்கு இறக்கிய அன்று என மூன்று தேதியிலும் "சொந்தச் செலவு, உடம்புவலி மாத்திரை 2" என்று அவர் கைப்பட எழுதியிருந்தது. மூன்று தடவையும் மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்குள் உதடு எரிந்திருக்கிறது. முதல் தடவை மட்டும் அடுத்த நாள் வரை ஆகியிருக்கிறது. ஆள்மாறிக் குற்றம் சாட்டப்பட்ட சுண்ணாம்பும் வற்றலும் அன்றே விடுதலையாகின.

இதற்கு மருத்துவத்தில் நிலைத்த மருந்துத் தடிப்பு என்று பெயர் சொல்லலாம். ஆங்கில மருத்துவர்கள் பிக்சட் டிரக் எரப்ஷன் என்பார்கள். பாரீஸ் நகரத்துத் தோல் மருத்துவர் புரோக் என்பவர் 1894-இல் இதற்குப் பெயர் சூட்டினார். அவர் பார்த்த நோயாளிகளுக்குக் காரணமாக இருந்தது ஆன்டிபைரின் என்கிற அந்நாளைய காய்ச்சல், வலி மருந்து. ஆக நூறு வருஷத்துக்கு மேலாகத் தெரிந்த விஷயம்தான். மருந்துகள் மாறிவிட்டன, தழும்பு மாறவில்லை.

அடையாளம் எளிது. வட்டமாகவோ முட்டை வடிவிலோ, எல்லை கோடு போட்டாற்போல் தெளிவாக, சிவப்பும் ஊதாவும் கலந்த தடிப்பு. எரிச்சலும் அரிப்பும் இருக்கும். நடுவில் கொப்புளம் வரலாம். ஒன்றாகவும் இருக்கலாம், நாலைந்தாகவும் இருக்கலாம். உதடு, கை, கால், மறைவிடம் ஆகியவை இது அதிகம் விரும்பும் இடங்கள். ஆறிய பிறகு நம் நிறத்துத் தோலில் சாம்பல் கலந்த கறுப்பாகத் தழும்பு நிற்கும். மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் அது மறையாது. மருந்து மறுபடி உள்ளே போனால் அரைமணி நேரத்திலிருந்து எட்டு மணி நேரத்துக்குள், அபூர்வமாக ஓரிரு நாளில், அதே இடம் விழித்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் புதிய இடம் ஒன்றிரண்டு சேரக்கூடும்.

இதை வாய்ப்புண் அக்கியோடு குழப்பிக்கொள்வது சகஜம், ஏனென்றால் உதட்டில் வரும் அக்கியும் வந்த இடத்துக்கே திரும்ப வரும். அது கிருமியால் வருவது. சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் கொத்தாக வந்து, பொருக்குத் தட்டி உதிரும். இத்தனை கறுப்பு நிற்காது. கறுப்பு நின்றால் மாத்திரையைச் சந்தேகிக்க வேண்டும்.

அதே இடத்துக்கு ஏன் வருகிறது என்பதுதான் நம்மைப் போன்றவர்களுக்கு ஆச்சரியம். மருந்து ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கத்தானே ஓடுகிறது? விஷயம் இதுதான். முதல் தடவை அந்த மருந்தை உடம்பு எதிரியாக நினைத்துப் போரிட்ட இடத்தில், ரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகை தங்கிவிடுகிறது. டி அணுக்கள் என்று அவற்றைச் சொல்கிறார்கள். சண்டை முடிந்தும் ஊர் திரும்பாமல் தோலின் மேலடுக்கிலேயே குடியிருக்கின்றன. கிட்டங்கியில் ஒருமுறை திருட்டுப் போனபின் அந்த மூலையிலேயே கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொள்ளும் காவல்காரரைப் போல. அதே மருந்தின் வாடை பட்டதும் மற்ற இடங்கள் சும்மா இருக்க, இந்த மூலையில் மட்டும் தடி சுழல்கிறது. அடிபடுவது பக்கத்திலுள்ள நம் சொந்தத் தோல் அணுக்கள்தான். உடைந்த அணுக்களின் கறுப்புச் சாயம் தோலின் கீழடுக்கில் இறங்கித் தங்குவதால்தான் அந்தக் கறை.

இன்னொரு குழப்பமும் உண்டு. தடிப்பு வந்து அடங்கிய கொஞ்ச நாளைக்கு அதே மருந்தைப் போட்டாலும் சிலருக்கு ஒன்றும் வராது. உடனே, "போன வாரம்கூடப் போட்டேன், ஒண்ணும் செய்யலியே, அப்ப மாத்திரை காரணமில்லை" என்று முடிவுகட்டிவிடுகிறோம். காவல்காரர் களைத்துத் தூங்கும் நேரம் அது. அதேபோல், பத்து வருஷமாக ஒத்துக்கொண்ட மருந்து பதினோராம் வருஷம் ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு. அண்ணாச்சி விஷயத்தில் நடந்தது அதுதான்.

எந்தெந்த மருந்து? டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் தோல் மருத்துவர் பாஸ்ரிச்சா இதைப் பற்றி 1979-லேயே பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். நம் நாட்டில் நெடுங்காலமாக முன்னணியில் இருப்பது கோடிரைமாக்சசோல் எனப்படும் சல்பா கலந்த மாத்திரை. வயிற்றுப்போக்குக்கும் சிறுநீர்க் கடுப்புக்கும் தாராளமாகப் புழங்கியது. அடுத்து, வயிற்றுக்கடுப்புக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல், டினிடசோல், சிப்ரோபிளாக்சசின், நார்பிளாக்சசின், டெட்ராசைக்ளின், டாக்ஸிசைக்ளின். பிறகு வலி மருந்துகள்: ஐபுபுரோபென், டைக்ளோபெனாக், நிமசுலைடு, மெபெனமிக் அமிலம், ஆஸ்பிரின். சாதுவென்று நாம் நினைக்கும் பாரசிட்டமாலும் அபூர்வமாக இதைச் செய்யும். இவையெல்லாம் கெட்ட மருந்துகள் என்று அர்த்தமில்லை. ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒன்றும் செய்யாமல் யாரோ ஒருவருக்குச் செய்வதுதான் இதன் குணம்.

டாக்ஸிசைக்ளின் பற்றி நம் ஊர்க்காரர்கள் ஒன்று நினைவில் வைக்கலாம். வெள்ளத் தண்ணீரில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் தடுக்க இந்த மருந்தைக் கொடுப்பது வழக்கம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டு ஜங்ஷன் பகுதிக் கடைகளுக்குள் புகுந்ததை நாம் மறக்கமாட்டோம். அப்படி ஒரு நாளில் முகாமில் மாத்திரை வாங்கும்போது, "எனக்கு முன்னே ஒரு மாத்திரை தழும்பு போட்டது" என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். மாத்திரை கொடுப்பவர் வேறு மருந்து யோசிப்பார்.

பழைய பேதி மாத்திரைகளில் இருந்த பினால்ப்தலீன் என்பதும் இந்தத் தழும்புக்குப் பேர்போனது. அதன் கதை வியாபாரிகளுக்குச் சுவையானது. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹங்கேரி நாட்டில் போலித் திராட்சை மதுவை அடையாளம் காண அதில் கலந்துவைக்கலாம் என்று அரசாங்கம் இதைத் தேர்ந்தெடுத்ததாம். வாமோசி என்கிற அறிஞர் சோதித்துப் பார்த்தபோது அது கடும் பேதியைக் கிளப்புவது தெரிந்தது. கலப்படத்தைப் பிடிக்கப் போன சரக்கு கடைசியில் பேதி மருந்தாக உலகமெங்கும் விலை போனது. இப்போது பல நாடுகளில் விலக்கப்பட்டுவிட்டது.

மறைவிடத் தழும்பைப் பற்றிப் பச்சையாகவே சொல்லிவிடுகிறோம். சல்பா மாத்திரைத் தழும்பு ஆண்களுக்கு அதிகம் வருவது அந்த இடத்தில்தான். வந்தவர் வெட்கப்பட்டு யாரிடமும் காட்டமாட்டார். மனைவி பார்த்தால் வேறு அர்த்தம் செய்துகொள்வார். ஊர் ஊராகப் போய்க் கொள்முதல் செய்கிற வியாபாரி என்றால் சந்தேகம் இரட்டிப்பாகும். லாட்ஜில் அறை எடுத்து உட்காரும் லேகிய வைத்தியர்களிடம் பணத்தைக் கொட்டியவர்களை நாம் அறிவோம். வெளியூரில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுப்போக்குக்குப் போட்ட மாத்திரைதான் காரணம் என்பது தெரிந்திருந்தால், கணவன் மனைவி பேசாமல் ஆறு மாதம் இருந்திருக்க வேண்டியதில்லை. தோல் மருத்துவரிடம் தம்பதியாகப் போய்க் கேட்டுக்கொள்வதே நல்லது.

பெரும்பாலும் இது உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் தழும்பு வந்தும் அதே மருந்தைத் திரும்பத் திரும்பப் போட்டால், குறிப்பாக வயதானவர்களுக்கு, உடம்பு முழுக்கப் பெரிய கொப்புளங்களாகப் பரவி உயிருக்கே உலை வைக்கும் நிலையும் உண்டு. மாத்திரை போட்டபின் காய்ச்சலோடு வாய், கண், மறைவிடம் எல்லாம் ஒரே சமயத்தில் புண்ணாவது, தோல் வெந்தாற்போல் உரிவது ஆகியவை கண்டால் அது வேறு கடுமையான வியாதியாகவும் இருக்கலாம். அன்றே, அந்த மணியே, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஹைகிரவுண்டில் நம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. கடையை யார் பார்ப்பது என்று யோசிக்கிற நேரம் அதுவல்ல.

சாதாரணத் தடிப்புக்கு வைத்தியம் சுருக்கமானது. மருந்தை நிறுத்த வேண்டும், மருத்துவர் தரும் களிம்பைப் பூச வேண்டும், அவ்வளவுதான். கறுப்பை நீக்குகிறேன் என்று சிவப்பழகுக் களிம்புகளைத் தேய்க்கக் கூடாது. அவற்றில் சிலவற்றில் இருக்கும் ஸ்டீராய்டு தோலை மெலிய வைத்துக் கெடுத்துவிடும். 2018-இல் 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதித்ததற்கு இதுவும் ஒரு காரணம். "நாட்டு மருந்துதானே, பக்கவிளைவு இல்லை" என்று வலிக்குப் பொடி வாங்குவோரும் யோசிக்க வேண்டும். சித்த மருத்துவத்தைக் குறை சொல்லவில்லை. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி நடக்கும் ஊர் நம்முடையது. ஆனால் வலி மாத்திரையையும் ஸ்டீராய்டையும் இடித்துக் கலந்து மூலிகை என்று விற்றவர்கள் நாட்டின் பல இடங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். முகவரி இல்லாத பொடியை வாங்கி நம் கடையில் வைக்க வேண்டாம்.

கடைக்கு வருவோம். உறுப்பினர்கள் பலர், "சட்டப்படி தலைவலி மாத்திரை விற்கலாம் என்கிறார்களே" என்று கேட்கிறார்கள். பாதி உண்மை. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் கே அட்டவணையில் வீட்டு உபயோக மருந்துகளுக்கு லைசென்ஸ் விலக்கு உண்டு. ஆனால் ஜனத்தொகை ஆயிரத்துக்கு மேற்படாத கிராமங்களுக்கு மட்டும்தான். ஆஸ்பிரின், பாரசிட்டமால், வலித் தைலம், யூகலிப்டஸ் தைலம், விளக்கெண்ணெய், பஞ்சு, கட்டுத்துணி, குவினைன் மாத்திரை என்பதுபோல் அது ஒரு சின்னப் பட்டியல். லைசென்ஸ் உள்ள மொத்த வியாபாரியிடமோ தயாரிப்பாளரிடமோ வாங்கியிருக்க வேண்டும், மூல உறையைப் பிரிக்காமல் விற்க வேண்டும். கத்தரிக்கோலால் ஒன்று இரண்டாக வெட்டிக் கொடுப்பதற்கு அதில் இடமில்லை. டவுனிலும் ஜங்ஷனிலும் மேலப்பாளையத்திலும் இந்த விலக்கே கிடையாது. ஐபுபுரோபென் கலந்த கூட்டு மாத்திரை எந்தக் கிராமத்துக்கும் அந்தப் பட்டியலில் இல்லை. லைசென்ஸ் இல்லாமல் மருந்து விற்றால் 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27-வது பிரிவில் குறைந்தது மூன்று ஆண்டுச் சிறையும் ஒரு லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. ஒரு அட்டை மாத்திரையில் நமக்குக் கிடைக்கும் லாபம் என்ன என்பது அன்பர்களுக்கே தெரியும்.

பட்டியலில் உள்ள ஆஸ்பிரின், பாரசிட்டமால், குவினைன் மூன்றுமே இந்தத் தழும்பை உண்டாக்கக் கூடியவை என்பதையும் கவனியுங்கள். விற்கலாம் என்றால் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று பொருளல்ல. 2012-இல் கடையநல்லூர் வட்டாரத்தில் டெங்கு பரவியதை நினைத்தால் இன்னொரு ஆபத்தும் தெரியும். டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பிரினும் ஐபுபுரோபெனும் ரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சல் என்று வருகிறவருக்குக் கடைப் பையன் எதை எடுத்துக் கொடுக்கிறான் என்பது முதலாளிக்குத் தெரியாமலே நடக்கிறது.

"ராத்திரி ஒன்பது மணிக்கு அக்கம்பக்கத்து ஆச்சி வந்து தலைவலின்னு கேட்டா இல்லைன்னு சொல்ல முடியுமா?" என்று ஒரு தம்பி நம்மிடம் வாதாடினார். நியாயமான கேள்வி. சொல்லித்தான் ஆக வேண்டும் என்பது நம் கருத்து. தைலம் கொடுக்கலாம், சுக்குக்காப்பிப் பொடி கொடுக்கலாம். மருந்துக் கடை வரை போய்வரக் கடைப் பையனை அனுப்பலாம். அப்படியே, "ஆச்சி, முன்னே ஏதாவது மாத்திரை போட்டு உதடு, கை கறுத்திருக்கா? இருந்தா மருந்துக் கடைக்காரர்கிட்ட சொல்லச் சொல்லட்டா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும்.

தழும்பு வந்தவர்கள் மருந்தின் வணிகப் பெயரை மட்டும் நினைவில் வைத்துப் பயனில்லை. ஒரே மில் அரிசி ஏழெட்டு பிராண்டு சாக்கில் வருவது நமக்குத் தெரியாததா? மாத்திரையும் அப்படித்தான். அட்டையின் பின்புறம் சின்ன எழுத்தில் இருக்கும் மூலப் பெயரைப் பார்க்க வேண்டும். கூட்டு மாத்திரை என்றால் இரண்டு மூன்று பெயர் இருக்கும். அத்தனையையும் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே குடும்பத்து மருந்துகள் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று போட்டாலும் தழும்பை எழுப்பலாம். எது காரணம் என்று பார்க்க வீட்டிலேயே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். மருத்துவர்கள் பழைய தழும்பின் மேலேயே மருந்தைத் தடவி ஒட்டுப் போட்டுச் சோதிப்பார்கள், அல்லது ஆஸ்பத்திரியில் வைத்துக் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். மருந்தின் பக்கவிளைவைப் பொதுமக்களே தெரிவிக்க இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 முதல் நடக்கிறது. காஜியாபாத்திலுள்ள இந்திய மருந்துத் தரநூல் ஆணையத்தின் கட்டணமில்லாத தொலைபேசி எண் 1800-180-3024. மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடாமல் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், தொகுதி எண் கேட்பார்கள்.

அண்ணாச்சிக்கு ஆஸ்பத்திரியில் சோதித்ததில் ஐபுபுரோபென்தான் காரணம் என்று தெரிந்தது. பாரசிட்டமால் ஒன்றும் செய்யவில்லை. கல்லாப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் சீட்டு ஒட்டியிருக்கிறார், கடையில் உள்ள பையன்கள் எல்லோருக்கும் தெரியும்படி. தொங்கிய மாத்திரைச் சரத்தை அன்றே லைன் வண்டிக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த ஆணியில் இப்போது தைலக் குப்பி அட்டை தொங்குகிறது. பெண்ணின் கல்யாணம் நல்லபடி நடந்தது. உதட்டுக் கறுப்பு ஒன்றரை வருஷத்தில் மங்கிவிட்டது. மணிக்கட்டில் மட்டும் எட்டணாக் காசு இன்னும் இருக்கிறது. யாராவது கேட்டால் சிட்டையை எடுத்துக் காட்டுகிறார்.